பிரேக்கில் வைத்த கால்

கணவனை உளவு பார்த்துவரச் சொல்லி ஒரு மனைவி உங்களிடம் கேட்டால் என்ன செய்வீர்கள்? மறுப்பீர்கள்தானே... நான் மறுக்கவில்லை. கேட்டது றெஜினா ஆயிற்றே.

றெஜினா எங்கள் கோயிலுக்கு வருகிறவள். ஊரில் மன்னார்ப் பிள்ளை. இந்தப் பனி நாட்டில் வயதானவர்களையும் நோயாளிகளையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்க ஐந்து வான்கள் வைத்திருக்கிறாள். அதில் ஒன்றை ஓட்டுவது அவளுடைய கணவன் அன்ரன். வேலை செய்த தொழிற்சாலை மூடியபிறகு மனைவியிடமே வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் புருஷன், வெளியில் சாரதி!

குளிர் தொடங்குவதற்கு முன்னர் றெஜினா ஐந்து வான்களையும் பக்கத்து நகரமான லவாலில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனாள். பெற்றோல் செலவு கழுத்தை நெரித்தது. கராஜில் எஞ்சினின் கம்ப்யூட்டரை மாற்றி அமைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அக்சிலரேற்றரை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் வான் பாயாது, மெல்லத்தான் வேகம் எடுக்கும். கூடவே ஒரு சின்னப் பெட்டியும் பூட்டினார்கள். வானை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால், கொஞ்ச நேரத்தில் அதுவே எஞ்சினை அணைத்துவிடும்.

சாரதிமார் முணுமுணுத்தார்கள். றெஜினா எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னாள்: “ஒருத்தருக்கும் விலக்கு இல்லை. என்ரை மனுசனுக்கும் இல்லை.”

பலன் கிடைத்ததா? கிடைத்தது. நான்கு வான்கள் முன்பைவிடக் குறைவாகக் குடித்தன. ஒன்று மட்டும் பழையபடி. எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஞாயிறு பூசை முடிந்ததும் றெஜினா என்னை ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“கராஜ்காரர் திருப்பியும் பாத்திட்டினம் அக்கா. எஞ்சினிலை ஒரு பிழையும் இல்லையாம்.”

“அப்ப?”

“பிழை இவரிலைதான். எனக்குக் கீழை வேலை செய்யிறது அவருக்குப் பிடிக்கேல்லைப் போல. வாய் திறந்து சொல்லவும் மாட்டார். இப்பிடித்தான் காட்டுறார்.”

“நீயே கேட்டால் என்ன?”

“கேட்டு, ‘ஓம், அதுதான்’ எண்டு சொல்லிப்போட்டார் எண்டால்? நீங்கள் ஒருக்கா இவரின்ரை வானுக்குள்ளை ஏறிப்போய்ப் பாத்து வாங்கோ அக்கா.”

அவள் அழவில்லை. கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், திரும்பவும் கழற்றினாள். அவளை அரித்தது பெற்றோல் அல்ல என்று எனக்கு விளங்கியது.

அந்த வாரம் எனக்கும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் கண் டொக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. அன்ரனின் வானிலேயே போனேன். உளவு பார்க்க ஒன்றும் இல்லை. தொட்டில் ஆட்டுகிறவன்போல ஓட்டினான். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்தாலே காலை எடுத்துவிடுகிறான். இப்படி ஓட்டுகிறவனுக்குப் பெற்றோல் எங்கேதான் போகிறது?

திரும்பும்போது இன்னொருவரையும் ஏற்ற வேண்டியிருந்தது. கந்தையா ஐயா. சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வானை நிறுத்தினோம்.

“ஊசி குத்தின இடத்திலை இரத்தம் நிண்டால்தான் விடுவினம் அக்கா. எப்ப வருவார் எண்டு சொல்லேலாது” என்றான் அன்ரன்.

காத்திருந்தோம். வெளியே பனி பொழிந்துகொண்டிருந்தது. உள்ளே இதமான சூடு. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது... பெட்டி ஏன் அதை அணைக்கவில்லை?

அப்போதுதான் அவனுடைய காலைப் பார்த்தேன். பிரேக்கை அழுத்தியபடியே இருந்தது. முழங்கால் மெல்ல நடுங்கியது.

“கியரைப் பார்க்கிலை போட்டிட்டுக் காலை எடன் தம்பி. நோகேல்லையே?”

“பார்க்கிலை போட்டால் பெட்டி எஞ்சினை நிப்பாட்டிப்போடும். கியரிலை நிண்டால், வான் ஓடுது எண்டு அது நினைக்கும்.” திருட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான்.

அப்படியே அரை மணித்தியாலம் இருந்திருப்பான். கந்தையா ஐயா வந்தார். கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும், அவ்வளவு மெலிவு. ஏறியதும் இரண்டு கைகளையும் சூட்டுக்காற்று வருகிற துவாரத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்சத்தில் உறங்கிப்போனார்.

அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகு அன்ரன் சொன்னான்:

“இரத்தம் கழுவினால் அந்த மனுசனுக்கு உடம்பு குளிர்ந்துபோகும் அக்கா. பெட்டி பூட்டின புதிசிலை எஞ்சின் நிண்டு வானும் ஐஸ் மாதிரிக் கிடந்தது. ஏறி இருந்து பல்லு அடிக்க நடுங்கினார். பேந்து என்ன சொன்னார் தெரியுமே? ‘மன்னிச்சுக்கொள் தம்பி’ எண்டார். நடுங்கினதுக்கு என்னட்டை மன்னிப்புக் கேக்கிறார்!”

“இதை றெஜினாவிட்டைச் சொல்லலாம்தானே?”

“சொன்னால் ஓம் எண்டு விட்டிடுவாள். பேந்து மற்ற ஆக்களுக்கு எந்த முகத்தோடை இல்லை எண்டு சொல்லுறது? தன்ரை புருசனுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமோ எண்டு கேக்கமாட்டினமே? அவள் எவ்வளவு பாடுபட்டு அந்த இடத்துக்கு வந்தவள்...”

வீட்டுக்கு வந்து றெஜினாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“காலைப் பிரேக்கிலை வைச்சபடியே?” என்று கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாளே லவால் கராஜுக்குப் போயிருக்கிறாள். எஞ்சின் ஓடாமலே வானுக்குள் சூடு தருகிற சின்ன ஹீற்றர் ஒன்று இருக்கிறதாம். துளித்துளியாகத்தான் பெற்றோல் எடுக்குமாம். அதை ஐந்து வான்களுக்கும் பூட்டச் சொன்னாள், புருஷனுடைய வானுக்கு மட்டுமல்ல. சாரதிமாரைக் கூட்டி, “ஏறி இருக்கிற சனம் குளிரக் கூடாது. இதை முதலே யோசிக்காதது என்ரை பிழை” என்றாளாம். பின்வரிசையில் நின்ற அன்ரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

அன்றைக்கு வீட்டில் என்ன கதைத்தார்கள்? எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. உளவாளிக்கும் ஒரு எல்லை வேண்டாமா?

எஞ்சினை எவ்வளவு திருத்தினாலும், பக்கத்தில் இருக்கிறவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று காட்டுகிற கருவியை இன்னும் ஒருவரும் பூட்டித் தரவில்லை. வாயைத் திறந்து கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

இந்த வாரம் றெஜினாவைக் கண்டேன். மத்தியானத்தில் வேலை இல்லாத நேரம், அன்ரனின் வானில் முன்சீற்றில் ஏறி மலைப்பக்கம் ஒரு சுற்றுப் போய் வருகிறாளாம்.

“பெற்றோல் வீண்தானே, பிள்ளை?” என்றேன்.

“வீண்தான் அக்கா” என்றாள், முகமெல்லாம் சிவந்து.