அளவுக் கயிறு தொலைந்த நாட்கள்

எங்கள் வாப்பாவைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. மடவளைத் தோட்டங்களில் மிளகு வாங்கிக் கண்டிக் கடைகளுக்கு அனுப்புகிறவர்; விடியுமுன்னே எழுந்து மூட்டை கட்டுவார். ஆனால் வீட்டோடு ஓர் அறை கட்ட வேண்டும் என்று வந்தபோது மட்டும் அவருக்குக் கைகால் ஓடவில்லை.

அறை ராத்தாவுக்காக. என் அக்காவைத்தான் சொல்கிறேன். வத்தேகமையில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளை முதல் ஒரு வருடம் பெண் வீட்டில் இருப்பார். பிறகு அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவார். அறை எழும்பினால்தான் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கலாம்.

கல் வந்து இறங்கியது, சுண்ணாம்பும் வந்தது. மழை விடட்டும் என்றார் வாப்பா. மழை விட்டதும், மிளகு முடியட்டும் என்றார். பிறகு கதவுக்குப் பலாவா, வேறு மரமா என்று ஒரு மாதம் யோசித்தார். உம்மா பேசிப் பேசி அலுத்துப்போனா.

எனக்கு அப்போது ஏழு வயது. ராத்தா போய்விட்டால் எனக்குத் தலை பின்னி விடுவது யார்? அறை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை என்று எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. கொத்து வேலை தொடங்க மேசன் பாஸ் வருவதற்கு முதல் நாள், முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்த அளவுக் கயிற்றை எடுத்தேன். கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேல் இருந்த வாப்பாவின் துருக்கித் தொப்பிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்தேன். அந்தப் பெட்டியை அவரைத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

மேசன் பாஸ் வந்தார். வாப்பா வீடு முழுக்கத் தேடினார். வேறு கயிற்றால் அளக்கலாமே என்றார் பாஸ்.

"இந்த வீட்ட அளந்த கயிறு அது. அது இல்லாம எப்டி அளக்கிய? கிடைக்கட்டும், பாப்போம்" என்றார் வாப்பா. எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

வாரங்கள் போயின. ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டு மாமி வந்து, கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே உம்மாவிடம் சொன்னா: "இந்த மாசத்துக்குள்ள அறை எழும்பாட்டி, நாங்க வேற எடம் பாக்கிற." உம்மா அழுதா. ராத்தா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. அவள் வயதுப் பெண்களெல்லாம் பிள்ளை தூக்கிக்கொண்டு திரிந்த காலம் அது.

அவள் என்னைப் பார்த்தாள். நானோ என்னையறியாமல் அலுமாரியின் மேலே பார்த்துவிட்டேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு அந்தப் பெட்டியை இறக்கினாள். என்னை அடிக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் மேசன் பாஸை வாப்பா மறுபடியும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ராத்தா கயிற்றோடு முற்றத்தில் இறங்கினாள். பெரியவளான நாளிலிருந்து பகலில் அந்நிய ஆண் முன்னால் நிற்காதவள். தெருவில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அவள் குனிந்து, மூலையில் ஒரு முளையை வைத்துக் கல்லால் அடித்தாள். கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டினாள்.

வாப்பா பதறிப்போனார். "என்ன புள்ள இது! மானம் போகுது, உள்ளுக்குப் போ!"

"மத்த முனைய நீங்க புடிங்க வாப்பா. நான் போறேன்."

வாப்பா முனையைப் பிடித்தார். ராத்தா உள்ளே போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் நாலு மூலைக்கும் முளை அடித்தாயிற்று. மாதம் முடியுமுன் சுவர் எழும்பியது. நிக்காஹ்வும் நடந்தது. மறு வருடம் அவள் வத்தேகமைக்குப் போனாள்.

வாப்பாவை ஏமாற்றிய கெட்டிக்காரி நான்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகளைக் கட்டிக்கொடுக்க நாள் குறிக்க முடியாமல் நானே ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. கயிறு பெட்டிக்குள் கிடந்த அந்த நாட்களில் ஆறு வெள்ளிக்கிழமைகள் வந்துபோயின. அந்த ஆறு ஜும்மாவுக்கும் வாப்பா அந்தத் துருக்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போனார்.