சம்பந்தின்னு ஒரு வார்த்த

கொளஞ்சிநாதனுக்கு அன்னிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்ததான். சம்பந்தி. மாப்ள விஷ்ணுவோட அப்பா ஜெயராமன் வாயால அதக் கேட்டுட்டா போதும், பொண்ணு தமிழ்நிலா கல்யாணம் முடிஞ்சாப்புல.

ஜெயராமன் மைன்ஸ்ல பர்மனன்ட்டு, திருநெல்வேலிப் பக்கத்து ஆளு. கொளஞ்சி கான்ட்ராக்ட்டு. கரி ஏத்திக்கினு ஓடற பெல்ட்டுல இருந்து சிந்தறத அள்ளி, திரும்ப அதே பெல்ட்டுல போடற வேல. போட்ட கரியவே போட்டுக்கினு இருக்கற மனுசன்னு பங்காளிங்க கிண்டல் பண்ணுவானுங்க.

"மொதல்ல வெளிய எங்கயாவது பாத்துக்கிடுவோம். குவார்ட்டர்ஸுக்கு அப்புறம் வரலாம்"னு ஜெயராமன் சொல்லி அனுப்பனதுல கொளஞ்சிக்குத் தப்பா ஒண்ணும் தெரியல. எடம், மெயின் பஜார்ல புதுசா வந்த நூடுல்ஸ் கட. எந்த ஊருக்குப் போனாலும் அதே போர்டு, அதே செவப்பு நாக்காலி.

"போய் வாயத் தொறக்காம இரு"ன்னா பொண்டாட்டி சாமியம்மா.

"தொறக்காம எப்டிடி சாப்புடறது?"

பொண்ணக் கூட்டிக்கினு கடைக்குள்ள நொழஞ்சதும், "வாங்க வாங்க, உக்காருங்க"ன்னாரு ஜெயராமன். தொண்டயில வெல்லக்கட்டிய ஒதுக்கி வெச்சிக்கினு பேசறாப்புல ஒரு கொரலு. வாங்கன்ன மரியாதயிலயே கொளஞ்சி பாதி குளுந்துட்டாரு. மீதிய எதிர்பாத்துக்கினு, இஸ்திரி மடிப்பு கலையாம உக்காந்தாரு.

செவுத்துப் படத்துல ஆவி பறந்துச்சி. கிண்ணத்துல ஆறிப்போய் வந்துச்சி. ஒரு வாய் எடுக்கலாம்னு ஸ்பூன விட்டா மொத்தமும் கட்டியா மேல வருது. ஊத்தியிருந்த சாஸு இருமல் மருந்தாட்டம் தித்திச்சிது.

"தம்பி, இது ஏன் ஒட்டிக்கிட்டு இருக்கு?"ன்னு கேட்டாங்க ஜெயராமன் சம்சாரம் உமாராணி.

"எங்க எல்லா பிரான்ச்லயும் இதே டேஸ்ட்தான் மேடம்"னான் சர்வர், பஸ் ஸ்டாண்டு மைக்கு மாதிரி, மூஞ்சில ஒரு அசைவு இல்லாம.

உமாராணி ரெண்டு வாயோட தள்ளி வெச்சிட்டாங்க. கொளஞ்சி மட்டும் வழிச்சிச் சாப்ட்டாரு. மிச்சம் வெச்சா மாப்ள வூட்டுக்கு மரியாதக் கொறச்சல்னு நெனப்பு.

"என்ன கொளஞ்சி, பிடிச்சிருக்கோ?"ன்னாரு ஜெயராமன். 'வாங்க' போயி, வெறும் பேரச் சொல்லிக் கூப்புடறதுக்கு வந்தாச்சி.

"ரொம்ப நல்லாருக்குதுங்க."

"பாத்தீங்களா, எதக் குடுத்தாலும் சாப்புடுவாங்க போல"ன்னு உமாராணி புருஷன் பக்கம் சிரிச்சாங்க.

கொளஞ்சியும் கூடச் சேந்து சிரிச்சாரு.

மைன்ஸ்ல கொளஞ்சி கேங்குல ஒரு வழக்கம். மொதல்ல சாப்ட்டு முடிக்கறவன் எல்லார் தட்டையும் எடுத்துக்கினு போயி, கரித்தூசி படியறதுக்குள்ள கழுவிக் கவுத்துடணும். ஒண்ணா உக்காந்து தின்ன பாசம் அது. அந்தப் பாசத்துலதான் கொளஞ்சி எழுந்தாரு. தன் கிண்ணம், பொண்ணு கிண்ணம்னு எடுத்து அடுக்குனாரு. உமாராணி கிண்ணத்துக்குக் கைய நீட்டுனாரு.

ஜெயராமன் தன் கிண்ணத்தத் தள்ளிவுட்டாரு. "இந்தாப்பா, இதயும் எடுத்துக்கோ. டேபிள ஒரு தொட தொடச்சிரு."

பக்கத்துல உக்காந்திருந்த விஷ்ணு போன்ல இருந்து தலயத் தூக்காமயே தன்னோடத மேல வெச்சான்.

"விஷ்ணு, அது எங்கப்பா"ன்னா தமிழ்நிலா.

"தெரியுமே. அவருதான எடுக்குறாரு?"

கொளஞ்சி கிண்ணங்கள ஏந்திக்கினு கை கழுவுற எடத்துக்குப் போயிட்டாரு. சர்வர் ஓடியாந்து, "பெரியவரே, வேலக்கி ஆள் எடுக்கல"ன்னான். கல்லாக்காரன் வுழுந்து வுழுந்து சிரிச்சான். கொளஞ்சி ஒரு கிண்ணத்தக்கூட வுடாம கழுவிக் கவுத்துட்டுதான் வந்தாரு.

வந்து பாத்தா, டேபிள்ல தமிழ்நிலா மட்டும்.

"எங்க போனாங்கம்மா எல்லாரும்?"

"போயிட்டாங்க. விஷ்ணு அப்பா, ஊர்ல பெரியவங்களக் கேட்டுட்டுச் சொல்லுதேன்னாரு. யாரையும் கேக்க வேணாம், எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன்."

"அடிப் பாவி. அவுரு என்னா பண்ணாரு உன்ன?"

தமிழ்நிலா அவரு கையப் பாத்தா. ஈரம் சொட்டிக்கினு இருந்துச்சி. "எதுக்குப்பா கழுவுன?"

"காஞ்சா ஒட்டிக்கும்மா."

வூட்டு வாசல்ல வண்டி நிக்கறதுக்குள்ள சாமியம்மா வந்து நின்னா. "இன்னாய்யா, சம்பந்தின்னு கூப்ட்டாரா?"

தமிழ்நிலா வெடுக்குன்னு உள்ள போயிட்டா. கொளஞ்சி கைய இஸ்திரி சட்டையில தொடச்சாரு.

"வாய் நெறய நூடுல்ஸு அவுருக்கு. எப்டிடி கூப்புடுவாரு?"