பிரெஞ்சு என்று சொல்லாத வீடு

மகளின் பள்ளிச் சேர்க்கைப் பாரத்தோடு, நாங்கள் குடியேறிய வெளிநாட்டு ஊரான பொயிண்ட் குக்கின் நூலகத்தில் இருந்தேன். நகல்களில் குத்திய முத்திரை மையின் வாசனை பட்டதும், இப்போது இடித்துவிட்ட காரைக்கால் எம்.எல்.ஏ. வீட்டு முன்னறை நினைவுக்கு வந்தது.

அவர் ஐந்து முறை ஜெயித்து, பிரெஞ்சு பேசும் எங்களுக்காகவே சட்டசபையில் கத்தியவர். சனிக்கிழமை முழுக்க அங்கே மனுக்களில் முத்திரை விழும் சத்தமும், விசிறியின் கிறீச்சும், பெண்கள் பிரெஞ்சில் போடும் சண்டையும் ஓயாது. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு மொழிக் கணக்கெடுக்க வந்தவரிடம் அம்மா, தெருக்காரர்களின் கேலிக்குப் பயந்து, தமிழ் மட்டும் என்று சொல்லிவிட்டார்.

"ஏம்மா, என்கிட்ட பிரெஞ்சுல சண்டை போடுறியே, அவன்கிட்ட மட்டும் ஊமையா? ஆள் குறைஞ்சா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தை மூடிருவாங்க," என்றார் எம்.எல்.ஏ.

மூடினார்கள்.

கையிலிருந்த பாரத்தில் வீட்டில் பேசும் மொழி கேட்டிருந்தது. தமிழ் என்று எழுதி, பக்கத்தில் பிரெஞ்சு என்றும் எழுதினேன்.

"டாட், நீங்க அதைப் பேசினதே இல்லையே?" என்றாள் பக்கத்தில் இருந்த மகள்.

"இனிமே பேசுவேன்."