மரி நீட்டிய குரங்கு

புதிதாக வாங்கிய மனிதக்குரங்குப் பொம்மைக்கு இன்று வர்ணம் பூசியபோது எழுந்த பெயின்ட் தின்னர் வாசனை, உப்பளம் என்ற கடலோரப் பகுதியில் இருந்து, பிறகு இடிக்கப்பட்ட, என் பள்ளித்தோழி மரியின் வீட்டு மாடியறைக்கு என்னைக் கொண்டுபோனது. பிரான்ஸிலிருந்து அவள் அப்பா அனுப்பிய, இதே வர்ண வாசனை மாறாத விரலளவு டைனோசர்களும் கற்கால மனிதர்களும் ஒரு கறுத்த மனிதக்குரங்கும் அங்கே ஜன்னலோரம் வரிசையாக நிற்கும். கடற்காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருக்கும். தினமும் பள்ளி விட்டதும் போய், தொட்டுத் தொட்டுப் பார்த்து, பொறாமையில் வெந்துபோவேன்.

குடும்பத்தோடு பிரான்ஸுக்குக் கிளம்பிய அன்று மரி அந்தக் குரங்கை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்கடி. உனக்குத்தான் இது ரொம்பப் புடிக்கும்."

"உன் பொம்ம யாருக்குடி வேணும்?" என்றேன்.

அழுதுகொண்டே காரில் ஏறினாள்.

இப்போது என் அலமாரி நிறையப் பொம்மைகள். ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வந்ததில்லை. அவளுக்கு எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பொறாமை.