"கேபிள் சொருகவில்லை" என்ற லேப்டாப்

எனக்கு எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுபோனவள். எழுதுகிறபோது பாதி மறந்துபோகிறது, மறந்தது இரண்டு வரி தள்ளி ஞாபகம் வருகிறது. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அம்மாவும் நானும் மலாக்காவிலேயே நின்றோம். நான் அப்போது சின்னப் பிள்ளை. ஏன் இப்படி ஆளுக்கொரு பிள்ளையாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று அம்மா கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அவருக்கு உடனே அடுப்படியில் வேலை வந்துவிடும்.

இத்தனை காலம் கழித்து, என் மகள்தான் தேடித் துழாவி அக்கா வீட்டைக் கண்டுபிடித்தாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்துக்கொள்வோம். அக்காவுக்கு வாதம் வந்து பேச்சு போய்விட்டது. நான் சொல்வதைக் கேட்டு சிலேட்டில் எழுதிக் காட்டுவார். எனக்கோ கண்ணில் புரை. மகளின் போனில் அந்தச் சிலேட்டு தபால்தலை அளவுதான் தெரியும், ஒரு எழுத்தும் புரியாது. லேப்டாப் திரையில் பெரிதாகத் தெரியும்.

லேப்டாப் மாப்பிள்ளையுடையது. அவர் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற வேலை. பழைய பெட்டி மெதுவாகிவிட்டது என்று, காசு கேட்காமல் எல்லாரும் சேர்ந்து எழுதிப் பொதுவில் விடுகிற லினக்ஸ் என்ற புரோகிராமை அதில் ஏற்றியிருந்தார். அதில் வைஃபை எப்போதோ செத்துப்போனது. மோடத்திலிருந்து ஒரு நீலக் கேபிள் கூடம் தாண்டி வந்து அதன் பக்கவாட்டு ஓட்டையில் சொருகியிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் துணிந்து கேட்டுவிட்டேன். "அக்கா, அப்பா என்னை ஏன் விட்டுட்டுப் போனாரு?" அடுத்த வாரம் அக்காவை ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. இதற்குமேல் எப்போது கேட்பது? அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிலேட்டை மடியில் வைத்து எழுதத் தொடங்கினார்.

வானம் இடித்தது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் இடி கேட்டால் டிவி, மோடம், கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும். முன்பு ஒருமுறை மின்னலில் டிவி போன வீடு. மகள் ஓடிவந்து பிடுங்கினாள். திரையில் அக்கா குனிந்த தலையோடு அப்படியே நின்றுபோனார்.

மறுநாள் ஆயுத பூஜை. மாப்பிள்ளை காரைக் கழுவினார், மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். லேப்டாப்பையும் சுத்தம் செய்கிறேன் என்று போன் வழியாக அதற்கு ஏதோ அப்டேட் போட்டார். பிறகு எல்லாம் சாமி முன்னால். மறுபூஜை முடிகிறவரை எதையும் தொடக்கூடாது. பக்கத்திலேயே இருக்கிறது, தொட முடியாது. நான் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியையும் என் பொறுமையையும் சேர்த்துப் புடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபூஜை ஆனதும் கேபிளைச் சொருகினார். லைன் இல்லை. திரையின் ஓரத்தில் வந்ததை மகள் படித்தாள்: "கேபிள் சொருகவில்லைன்னு சொல்லுது."

"கண்ணு முன்னால சொருகியிருக்கு. அது பொய் சொல்லுது," என்றார் மாப்பிள்ளை. "அப்டேட்ல டிரைவர் கெட்டிருக்கும்."

டிரைவர் என்பது கம்பிக்கும் மெஷினுக்கும் நடுவே நின்று சேதி மாற்றிக் கொடுக்கிற ஒரு புரோகிராம் என்று மகள் எனக்கு விளக்கினாள். அது சரியில்லாவிட்டால் கம்பி இருந்தும் மெஷினுக்குத் தெரியாதாம்.

அதிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக அவர் உட்கார்ந்துவிடுவார். எதையோ தட்டுவார், அணைப்பார், திறப்பார். அது மறுபடியும் அதையே சொல்லும்.

"கிளேபாங்ல ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்குதானே, தூக்கிட்டுப் போங்களேன்," என்றாள் மகள்.

"கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுக் குடுப்பான். அதுக்கா நான் இத்தனை வருசம் இதப் பழகுனேன்?"

"பழகுன லட்சணம்தான் தெரியுதே."

"உங்கம்மாவக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

நான் அடுப்படி வாசலில்தான் நின்றேன். ஆனால் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. அவருக்கு என்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால் மகளிடம் சொல்வார், நானும் அப்படித்தான். அது மரியாதை.

அந்த மரியாதைதான் என் தொண்டையில் முள்ளாக நின்றது. பூஜையன்று லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்தது மாப்பிள்ளை. மேல்மூடி அழுக்காகிவிடும் என்று பக்கவாட்டில் வைத்தார். நீர்க்க இருந்த சந்தனம் வழிந்ததை நான் பார்த்தேன். அந்த ஓட்டைக்குள் போயிருக்குமோ என்று முதல் நாளே எனக்கு ஓர் எண்ணம். ஆனால் "நீங்க வச்ச சந்தனம்தான்" என்று மாப்பிள்ளையிடம் எந்த மாமியார் சொல்வாள்? நாலு எழுத்துப் படித்தவரிடம் நான் போய் என்ன சொல்ல?

பிறகு அவர் பழைய டிரைவரைக் கழற்றி எறிந்துவிட்டு, வேலையிடத்திலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்த வேறொன்றைப் போட்டார். இப்போது திரை "கேபிள் சொருகவில்லை" என்றுகூடச் சொல்லவில்லை. அந்த ஓட்டை இருப்பதே அதற்கு மறந்துவிட்டது.

நாளை வெள்ளிக்கிழமை. அதற்கு மறுநாள் அக்கா மதுரைக்குப் போகிறார். நான் மகளின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துச் சந்தன விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூடத்துக்குப் போய் அவரிடம், "ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. உங்க பக்தி உள்ள போயிருக்கான்னு," என்றாள்.

அவர் டார்ச் அடித்தார். உள்ளே கம்பிப் பற்கள் மேல் சந்தனமும் குங்குமமும் சிமெண்டு போல் காய்ந்திருந்தன. லேப்டாப்பை அணைத்து, பழைய பல்பிரஷால் சுரண்டி எடுத்தார். கேபிளைச் சொருகியதும் ஓட்டை ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஆனால் திரையில் ஒன்றுமில்லை. நல்லாயிருந்த டிரைவரைத்தான் தூக்கி எறிந்தாயிற்றே. அதைத் திரும்ப எடுக்க நெட் வேண்டுமாம். நெட் வர அது வேண்டுமாம். பூட்டின பெட்டிக்குள்ளேயே சாவி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் புத்தி வந்தது. அப்டேட் போட்ட அன்று செய்ததுபோலவே போனைச் சார்ஜர் வயரால் லேப்டாப்பில் சொருகி, போன் வழியாக நெட் வாங்கி, பழைய டிரைவரை இறக்கினார். முகம் பார்த்துப் பேச அந்த நெட் தாங்காதாம். அணைத்துத் திறந்தார். நீலக் கேபிளில் லைன் வந்தது.

அக்கா வந்தார். சிலேட்டைத் தூக்கினார். "சாப்பிட்டியா?"

போன வாரம் நான் கேட்டதே அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. மறுபடியும் நான் வாயால் கேட்க வேண்டும். மாப்பிள்ளையோ லைன் அறுந்துவிடுமோ என்று கேபிளைப் பிடித்தபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரே பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்ததில்லை. எழுந்து போகச் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டேன். மாப்பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் கேபிளிலிருந்து எடுக்கவில்லை.

அக்கா எழுதினார், துடைத்தார், மறுபடி எழுதினார்.

"அப்பா சொல்லல. நானும் கேக்கல."

இதற்காகவா இத்தனை நாள். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது, அப்பா மேல் வந்தது, சந்தனத்தின் மேலும் வந்தது. அக்கா இன்னும் என்னவோ எழுத ஆரம்பித்தார். வெளியே வானம் உறுமியது. மகள் பிளக்கைப் பிடுங்க ஓடிவந்தாள்.

"இருக்கட்டும் விடு," என்றார் மாப்பிள்ளை.

அக்கா காட்டினார். "லாரியில உன்னத் தேடிக்கிட்டே போனேன்."

அப்பாவும் அக்காவும் ஏறிப்போன லாரி எந்தத் துறைமுகத்துக்குப் போனது, போர்ட் சுவெட்டன்ஹாமா பினாங்கா என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் இந்தியக் கப்பல் எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். டிரைவர் விஷயத்தில் நான் தப்பாக எழுதியிருந்தால், தயவுசெய்து என் மகளிடம் சொல்லுங்கள். அவள் மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்வாள்.