எங்கள் வீட்டுக் கும்பகர்ணன்

எங்கள் வீட்டில் கும்பகர்ணன் என்றால் அப்பா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் அவருக்கு எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து நாஷ்டாவை விழுங்கிவிட்டுப் படுத்தாரென்றால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அந்தப் பெயரை வைத்தது எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா. "கும்பகர்ணன் தூங்கினு கீறான், டிவிய கொறைங்க" என்பார். அது கேலி என்று எனக்குத் தெரியாது. பழுக்கக் காய்ச்சிய கம்பியை இடுக்கியால் பிடித்து இழுக்கிற மனிதருக்கு மாவீரன் பெயர் பொருத்தம்தானே!

மூன்றாம் வகுப்பில் மாறுவேடப் போட்டி வந்தது. மற்றவர்கள் ராமனுக்கும் அனுமனுக்கும் அடித்துக்கொள்ள, நான் எழுந்து நின்று கும்பகர்ணன் வேண்டும் என்றேன். குடம் போன்ற காதுகளை உடையவன் என்று அதற்குப் பொருள் சொன்னார் டீச்சர். எங்கள் வீட்டு அர்த்தத்துக்கு முன்னால் அது கொஞ்சம் மட்டமாகத்தான் பட்டது. ஆனாலும் அம்மாவை நச்சரித்து இரண்டு பிளாஸ்டிக் சொம்புகளைக் காதில் கட்டிக்கொண்டேன்.

போட்டி காலை பத்து மணிக்கு. அப்பா வந்து பார்ப்பார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வராவிட்டால் என் மானம் போய்விடும்.

"அவனாவது வர்றதாவது! தலமாட்டுல தவில் அடிச்சாலும் பொரண்டு படுப்பான்" என்றார் அத்தை. நான் அசரவில்லை.

மேடையில் பாயை விரித்துக் கண்ணை மூடிப் படுத்தேன். என்னை எழுப்ப இரண்டு பையன்கள் தகர டப்பாவைத் தட்டினார்கள். அவர்கள் நிறுத்தியதும் நான் எழுந்து, "அண்ணனுக்காகப் போருக்குப் போகிறேன்!" என்று கர்ஜிக்க வேண்டும். அவர்கள் நிறுத்தினார்கள். அந்த நிசப்தத்தில் இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு குறட்டை எழுந்தது.

தினமும் கேட்கிற குறட்டை, எனக்குத் தெரியாதா? எனக்கு அப்படியொரு சந்தோஷம். வசனமெல்லாம் மறந்துபோய், "அதோ எங்கப்பா! வருவாருன்னு சொன்னேன்ல!" என்று கத்தினேன்.

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மில் யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தவரை, போட்டி பார்க்க வந்திருந்த அத்தை உலுக்கினார். திடுக்கிட்டு எழுந்த அப்பா ஒரு கணம் சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கை தட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார்.

எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு சோப்பு டப்பா. பைக்கில் திரும்பும்போது, "அப்பா தூங்கிட்டேன்னு கோவமா கண்ணு?" என்றார்.

"இல்லப்பா. என்னவிட நீதான் சூப்பரா செஞ்ச. உனக்குத்தான் பர்ஸ்ட் குடுத்திருக்கணும்."

அவர் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லாரிப் புழுதி என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அத்தை ஒருநாளும் அவரைக் கும்பகர்ணன் என்று கூப்பிடவில்லை. அவ்வளவு நல்ல பெயரை அப்பாவிடமிருந்து ஏன் பிடுங்கிக்கொண்டார் என்று ரொம்ப நாள் எனக்கு அத்தைமேல் கோபம்.