இருபதுக்குக் கீழே

காதுப் பரிசோதனைக்குக் காத்திருந்த எல்லோருக்கும் அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சுவரில் மாட்டியிருந்த படமோ குழந்தைகளுக்கானது. அதில் ஒரு யானை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் உடுமலைப் பக்கத்து யானை எதுவும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கோயமுத்தூருக்கு வந்தால் சிரிக்கும் போலிருக்கிறது.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். சுவரில் எழுத்து இருந்தால் விடமாட்டேன். படித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டியதில்லை பாருங்கள். 'தம்பி தங்கைகளே' என்று ஆரம்பித்திருந்தார்கள். நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று மேலே படித்தேன்.

சத்தம் என்பது ஒரு நடுக்கமாம். கொசுவின் இறகு ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை நடுங்குகிறது, அதனால் நம் தூக்கம் கெடுகிறது. நடுக்கம் குறையக் குறையச் சத்தம் கனத்து, இடி மாதிரி ஆகிவிடும். நொடிக்கு இருபது தடவைக்கும் கீழே போய்விட்டால் மனிதக் காது அதைச் சத்தம் என்றே சேர்த்துக்கொள்ளாதாம். சத்தம் இருக்கும், மலையைத் தாண்டிக்கூடப் போகும். நமக்கு மட்டும் கேட்காது. யானைகள் அந்தக் குரலில்தான் வெகுதூரத்தில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் பேசிக்கொள்ளுமாம். 'ஊஞ்சலும் காற்றை அசைக்கிறதே, அது உங்களுக்குக் கேட்கிறதா?' என்று கடைசியில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டு ஊஞ்சல் கேட்கும். சங்கிலிக்கு எண்ணெய் விட ஆளில்லை.

நான் அங்கே வந்த கதை இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தோட்டத்துக்கு வந்து, வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறான். போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த எனக்கு அவன் கூப்பிட்டது காதில் விழவில்லை. அவன் மோட்டார் வியாபாரம்தான் செய்கிறான். மோட்டாருக்குச் சத்தம் உண்டு என்பது அன்றைக்கு மட்டும் அவனுக்கு மறந்துபோய்விட்டது.

"காது கேக்கலைன்னா உன்னையத் தோட்டத்துல தனியா உட முடியாதும்மா. டெஸ்ட்டுல என்ன சொல்றாங்களோ அதுதான்" என்றான்.

கேட்காது என்று வந்தால் தோட்டம் குத்தகைக்குப் போகும், நான் அவனுடைய ஒன்பதாவது மாடிக்குப் போக வேண்டும். அங்கே எனக்கென்று ஓர் அறையும், வேடிக்கை பார்க்கப் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் இருக்கின்றன. நான் வரவில்லை என்று சொன்னேன், எப்போதும்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "சரிம்மா, வெள்ளிக்கிழமை ரெடியா இரு" என்றான்.

கண்ணாடி வைத்த சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் அங்கே வேலை செய்கிற பெண். "சத்தம் கேட்டா அமுத்துங்கம்மா. சன்னமாத்தான் இருக்குங்க." கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, என் முகத்தையே ஆசையாகப் பார்த்தாள். காபி எப்படி இருக்கிறது என்று கேட்டால், வாயில் வைப்பதற்கு முன்பே நன்றாயிருக்கிறது என்று சொல்கிற ஊர் எங்களுடையது. அந்தப் பிள்ளை பார்த்தபோதெல்லாம் அமுத்தினேன். அவள் நெற்றியைச் சுருக்கியதும், போதவில்லையோ என்று இன்னும் அமுத்தினேன்.

அவள் வெளியே போய் மகனைக் கூட்டிவந்தாள். "ஏனுங்க, நான் சத்தமே வெக்காதப்பவும் அம்மா அமுத்தறாங்க."

"என்னத்தக் கேட்டும்மா அமுத்துனே?"

"அந்தப் புள்ள பாத்துட்டே இருந்துச்சு கண்ணு. சும்மா இருந்தா என்ன நெனைக்கும்?"

"அப்ப அம்மாவுக்கு அந்தப் படத்துல இருக்கிற யானைக் காதுங்க" என்று அவள் சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. காதுக்கென்று கூட்டிவந்தவளைத் தலைக்கும் காட்டிவிடலாமா என்று யோசிக்கிற முகம் அது.

அவள் என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். சுவருக்கு மரியாதை காட்ட வேண்டியதில்லை. கேட்டதற்கு மட்டும் அமுத்தினேன்.

"நல்லாத்தானுங்க கேக்குது. கீச்சுச் சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி, இந்த வயசுக்கு அது சகஜமுங்க."

மகன் தலையை ஆட்டினான். "சரி, நல்லதாப் போச்சு. எதுக்கும் நம்ம ஊட்டுக்கே வந்துரும்மா."

கேட்காவிட்டால் ஒன்பதாவது மாடி, கேட்டாலும் ஒன்பதாவது மாடி. பிறகு எதற்குப் பரிசோதனை என்று நான் கேட்கவில்லை. "நான் வரலை" என்று மட்டும் சொன்னேன். அவன் செல்போனை எடுத்துக்கொண்டிருந்தான். எத்தனை வருடமாக இந்தக் குரலில் இவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்! இவன் அப்பாவுக்கும் கேட்டதில்லை. யானைக்காவது அந்தப்பக்கம் கேட்க இன்னொரு யானை இருக்கிறது.

"நா வரலை கண்ணு! தோட்டத்துலயேதான் இருப்பேன்!"

கதவு திறந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், காது கேட்கவில்லை என்று வந்தவர்கள்.

"எதுக்கும்மா கத்தறே? எனக்கென்ன காது கேக்காதா?" என்றான் மகன்.

பையை எடுத்துக்கொண்டேன். மத்தியானமே என்னை உடுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.